காயாத கருநீலம்

ஆடி பிறக்கிற சமயத்தில்தான் காரை வீட்டுக்கு இழுத்து வந்தார்கள். கண்ணாடி இல்லை, பம்பர் இல்லை, கதவுகளுக்குக் கைப்பிடி இல்லை, உள்ளே சீட் இல்லை. வெறும் கூடு. ஆனால் அந்தக் கூடு முழுக்கக் கருநீலம் பூசி, பக்கத்தில் போய் நின்றால் என் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளத்தது. தெருவில் இருந்தவர்கள் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். யாரையும் தொட விடாமல் என் வீட்டுக்காரர் கையை விரித்துக்கொண்டு காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

அவர் டிரைவர். கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கிராமங்களில் இருந்து தீப்பெட்டி ஆபீசுக்குப் பெண்களை ஏற்றி இறக்கும் வேனைப் பல வருஷம் ஓட்டியவர். முதலாளியோடு ஏதோ மனத்தாங்கல் என்று சொல்லி ஒருநாள் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் இந்தப் பழைய கார் வந்தது. ஒரு தோட்டத்தில் கோழி அடைகிற கூடாகக் கிடந்ததை வாங்கி, துருவைச் சுரண்டி, ஓட்டை விழுந்த தகரத்தை வெட்டி ஒட்டவைத்து, பெயிண்ட் அடிக்கக் கொடுத்திருந்தார். முழுசாகச் சரிபண்ணிக் கல்யாண வீடுகளுக்கு விடலாம் என்பது அவருடைய எண்ணம்.

நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவள். மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்துவிட்டோம். வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் அந்தக் காரும்தான்.

பெயிண்டர் போகும்போது சொல்லிவிட்டுப் போனார்.

"அண்ணாச்சி, தொட்டுப் பார்த்தா காய்ஞ்ச மாதிரிதான் இருக்கும். உள்ள காயல. மூணு மாசத்துக்கு அது மூச்சு விட்டுக்கிட்டே இருக்கும். பிளாஸ்டிக் போட்டு மூடிறாதீங்க, வேர்த்துப் போயி புள்ளி விழுந்துரும். பேப்பர் ஒட்டாதீங்க, மை ஏறிரும். பருத்தித் துணிதான்."

"மிச்ச வேலை பூரா இனிமேத்தான இருக்கு?"

"அதான் சொல்லுதேன். பெயிண்ட் அடிக்கது பெருசு இல்ல. மிச்ச வேலை முடியுத வரைக்கும் அதைக் காப்பாத்தணும்லா."

அன்றிலிருந்து எனக்கும் அந்தக் காரில் வேலை வந்தது. பழைய வேட்டி, கிழிந்த போர்வை, மகள் விட்டுப்போன பாவாடைகள் எல்லாவற்றையும் எடுத்து, ஊக்கும் பட்டனும் இல்லாமல் பிரித்து, இரண்டு மடிப்பாகப் போட்டுத் தைத்தேன். பானட்டுக்கு ஒன்று, இரண்டு பக்க மட்கார்டுக்கும் ஒவ்வொன்று, கதவுகளுக்குத் தலையணை உறை மாதிரி மாட்டிக் கழற்றுகிற உறைகள். தைத்துக் கொடுத்தால் சும்மா வாங்கிக்கொள்ள மாட்டார். கன்னத்தில் வைத்து ஒரு தடவை முழுக்கத் தேய்த்துப் பார்ப்பார். ஒரு இடத்தில் நூல் முடிச்சு உறுத்தினாலும் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

ஆடிக்காற்று எங்கள் பக்கம் லேசுப்பட்டதில்லை. கரிசல் காட்டுப் புழுதியை அள்ளிக்கொண்டு வந்து சோற்றுப் பானை வரைக்கும் போட்டுவிட்டுப் போகும். வீட்டை ஒட்டித் தகரம் அடித்த கொட்டகையில்தான் கார் நின்றது. தகர இடுக்குகளில் சாக்கைத் திணித்து வைத்தும் புழுதி நிற்கவில்லை. துணிக்கு அடியில் புழுதி போய்விட்டால், காற்றில் துணி அசைய அசைய அதுவே உப்புத்தாள் போட்ட மாதிரி பெயிண்டைத் தேய்த்துவிடும் என்பார். அதனால் ஒன்றுவிட்டு ஒருநாள் எல்லாத் துணிகளையும் எடுத்து, தெருவில் உதறி, அலசிக் காயப்போட்டு, காரின் மேல் தண்ணீரை மெதுவாக ஊற்றிப் புழுதியை இறக்கிவிட்டு, தானாகக் காய்ந்த பிறகு மறுபடியும் போர்த்த வேண்டும். துடைக்கவே கூடாது. குடிக்கிற தண்ணீருக்கே லாரியைப் பார்த்துக்கொண்டிருக்கிற தெருவில், காருக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று பேச்சு வந்தது. நான் துணி துவைத்த தண்ணீர் என்று பொய் சொன்னேன்.

கொட்டகைக்குள் போகும்போது என் வளையல்களைக் கழற்றச் சொல்வார். அவர் இடுப்பு பெல்ட்டைக் கழற்றிவிட்டு, அரைஞாண் கயிற்றில் வேட்டியைச் சொருகிக்கொண்டு வேலை செய்வார். ஸ்பேனரைக் காரின் மேல் எந்த இடத்திலும் வைக்கக் கூடாது, கீழே விரித்திருக்கிற சாக்கில்தான் வைக்க வேண்டும். கதவு விளிம்புகளுக்கு மட்டும் டேப் ஒட்டுவார், அதையும் வேலை முடிந்ததும் அன்றைக்கே உரித்துவிடுவார். முப்பது வருஷக் கல்யாண வாழ்க்கையில் என்னை அவர் இவ்வளவு பக்குவமாகப் பார்த்துக்கொண்டதில்லை என்று சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

நிறத்தைத் தேர்ந்தெடுத்தது நான். பெயிண்டர் நிற அட்டையை நீட்டியபோது, "நீயே சொல்லுட்டி, ஒனக்குப் பிடிச்சதா" என்று என்னிடம் தள்ளிவிட்டார். எனக்கு அது பெரிய சந்தோஷமாக இருந்தது. ரொம்ப நாள் அதை நினைத்து நினைத்து வைத்திருந்தேன்.

வயரிங் வேலைக்கு ஒரு நண்பர் வந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவர். இவரைவிடச் சின்னவர், கூடப்பிறந்தவர் மாதிரி. கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி என்று எங்கள் வீட்டில் எது நடந்தாலும் முதலில் வந்து நிற்பவர். என்னை மதினி என்றுதான் கூப்பிடுவார். வயரிங் எல்லாம் இவருக்கே தெரியும். இருந்தும், "அவன் செஞ்சாத்தான் சுத்தமா இருக்கும்" என்று வரச்சொன்னார். ஒரு வாரமாக அவர் மத்தியானத்துக்கு மேல் கடையைப் பூட்டிவிட்டு வந்து, டேஷ்போர்டுக்கு அடியில் படுத்துக்கொண்டு வயர்களை இழுத்துக்கொண்டிருந்தார். இவர் கதவுக் கைப்பிடிகளை மாட்டிக்கொண்டிருந்தார்.

அப்படி ஒரு சாயங்காலம் துணியை மூடுவதற்கு முன்னால் இவர் காரை உள்ளங்கையால் தடவிக்கொண்டே வந்தார். அது வழக்கமாகச் செய்வதுதான். பின்கதவில் கைப்பிடிக்குக் கீழே விரல் நின்றது. திரும்பப் போனது, திரும்ப வந்தது.

"ஏலே, இங்கன வா. யாருலே இந்தக் கோட்டைப் போட்டது?"

நண்பர் எழுந்து வந்து பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு சாண் நீளத்துக்கு, அடியில் இருந்த வெள்ளை தெரிகிற மாதிரி கோடு.

"நான் இல்லண்ணாச்சி. நான் பெல்ட்டைக் கழட்டிப் போட்டுட்டுத்தான உள்ள வந்தேன்."

"நீதான் பேட்டரி வயரை இழுத்துக்கிட்டு இந்தப் பக்கமா வந்த."

"வந்தேன். ஆனா கதவுல படல."

"அப்ப ஆவி வந்து போட்டுச்சா? ஒனக்கு எதுலயும் ஒரு பதனம் கெடயாதுலே. ஒங்கடை வண்டின்னு நெனச்சியா? எந்திரிச்சிப் போ."

நான் குறுக்கே போய், "ஏங்க, என்ன பேச்சு இது" என்றேன். அவர் கேட்கவில்லை. அதற்குமேல் சொன்னதை எல்லாம் எழுத மனம் வரவில்லை. அந்த நண்பரின் செத்துப்போன தகப்பனார் வரைக்கும் இழுத்தார். நண்பர் தன்னுடைய சாமான்களைப் பைக்குள் எடுத்துப் போட்டார். வாசலில் செருப்பை மாட்டும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"மதினி, காலையில கைப்பிடி மாட்டும்போது அண்ணாச்சிக்கு ஸ்குரூ டிரைவர் வழுக்கிக்கிட்டே இருந்துச்சாம். பெயிண்டர் வந்திருந்தாருல்லா, அவரு பார்த்துட்டு எங்கிட்டச் சொன்னாரு. நான் சொன்னா அவிய ஒத்துக்கிட மாட்டாவ. ஒடம்பைக் காமிங்க."

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை உண்டு. மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை. அதில் கை நடுங்குகிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நண்பர் வரவில்லை. இவரும் கூப்பிடவில்லை. தனியாகவே ஒவ்வொரு வேலையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு பார்ப்பது, கீழே விழுந்த நட்டைக் கையால் துழாவி எடுப்பது, இதெல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது. குனிந்து குனிந்து கழுத்து வலிக்கிறது போல என்று தைலம் தேய்த்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைச் சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கிறதே என்று கூப்பிடக் கொட்டகைக்குப் போனேன். பானட் திறந்திருந்தது. பிரேக் வேலை முடிந்து, என்ஜினுக்குப் பக்கத்தில் இருக்கிற பிரேக் டப்பாவில் ஆயிலை ஊற்றிக்கொண்டிருந்தார். அந்த டப்பாவின் வாய் மட்கார்டை ஒட்டித்தான் இருக்கும். பிரேக் ஆயிலைப் பற்றி அவர் எத்தனையோ தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார். ஒரு சொட்டு பட்டாலும் பெயிண்டைத் தின்றுவிடும், புதுப் பெயிண்ட் என்றால் கேட்கவே வேண்டாம், மட்கார்டில் துணி போடாமல் அந்தப் பாட்டிலைத் திறக்கவே கூடாது என்று. துணி அன்று கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

அவர் நிதானமாக ஊற்றிக்கொண்டிருந்தார். கை நடுங்கவே இல்லை. தலையைச் சாய்த்து, டப்பா நிறைகிற சத்தத்தைக் கேட்பதுபோல நின்றுகொண்டு ஊற்றினார். ஆயில் டப்பாவுக்குள் போகவில்லை. டப்பாவுக்கு ஒரு சாண் தள்ளி, மட்கார்டின் மேல் விழுந்து, கருநீலத்தில் வழிந்து, சக்கரத்துக்கு மேலே விளிம்பில் சொட்டிக்கொண்டிருந்தது. அது அவருக்கு நேர் முன்னால் இருந்தது. நல்ல வெளிச்சம்.

நான் கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை. அவரே பாட்டிலை நிமிர்த்தி, "என்ன இது, இன்னும் நெறயல" என்று முணுமுணுத்துக்கொண்டு, டப்பாவின் வாயைத் தேடி விரலை வைத்தார். விரல் ஈரத்தில் பட்டது. ஈரம் இருக்கக் கூடாத இடத்தில்.

நான் ஓடிப்போய்க் குடத்தோடு தண்ணீரைத் தூக்கி மட்கார்டில் ஊற்றினேன். மறுபடியும் ஓடி இன்னொரு குடம். அவர் அப்படியே நின்றார். வேட்டி நனைந்தது, நகரவில்லை.

"எம்புட்டு தள்ளி ஊத்துனேன்?" என்று கேட்டார்.

"ஏங்க, ஒங்களுக்குக் கண்ணு தெரியுதா தெரியலயா?"

"கேட்டதுக்குச் சொல்லு. எம்புட்டு தள்ளி?"

"ஒரு சாண்."

என் ரவிக்கையில் குத்தியிருந்த ஊசியில் கொஞ்சம் நூல் கோத்திருந்தது. அதை உருவி அவர் முகத்துக்கு நேரே பிடித்து, "இது என்ன கலருன்னு சொல்லுங்க" என்றேன். அவர் அதைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பக்கமாக எங்கேயோ பார்த்தார்.

"நீ நிக்கது தெரியுது. கையில என்ன வச்சிருக்கன்னு தெரியல."

பிறகு பாட்டிலைக் கீழே சாக்கின் மேல் தடவிப் பார்த்துப் பதமாக வைத்தார். மட்கார்டைத் தொடாமல் சுற்றி வந்து, பின்கதவுக்குப் போய், அந்தக் கோட்டை விரலால் தேடி எடுத்தார். அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். சாயங்காலத்துக்குள் மட்கார்டில் பெயிண்ட் சுருங்கி, வெந்நீர் பட்ட தோல் மாதிரி கொப்புளம் விட்டிருந்தது.

மறுநாள் மதுரைக்குப் போனோம். பெரிய கண் ஆஸ்பத்திரி. கண்ணில் சொட்டு விட்டு விட்டு, ஒவ்வொரு அறையாக உட்காரவைத்து, கடைசியில் ஒரு சின்ன வயது டாக்டர் அம்மா பார்த்தார். சர்க்கரையால் உள்ளே ரத்தம் கசிந்து, வலது கண்ணில் நரம்பெல்லாம் போய்விட்டது என்றார். இடது கண்ணில் ஊசியும் லேசரும் வைத்துப் பார்க்கலாம், இருக்கிறதைக் காப்பாற்றப் பார்ப்போம், போனது வராது என்றார். எவ்வளவு நாளாக மங்கலாக இருக்கிறது என்று கேட்டார்.

இவர் என்னைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னார். "ரெண்டு வருசத்துக்கு மேல இருக்கும்மா."

ரெண்டு வருஷம். நான் மனதுக்குள் பின்னால் போய்ப் பார்த்தேன். அப்போது அவர் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் சாத்தூர் தாண்டிய பிறகு அவராகவே பேசினார். தாழ்ந்த குரலில், யாருக்கோ நடந்த விஷயம்போலச் சொன்னார்.

"புதூர் பக்கம். காலையில, பொம்பளையள ஏத்திக்கிட்டு வாரேன். ரோட்டுல என்னமோ கருப்பா கெடந்துச்சு. நெழலுன்னு நெனச்சேன். அது ஆட்டு மந்தை."

"என்ன ஆச்சு?"

"உள்ள உட்டுட்டேன். பின்னால எல்லாரும் அலறுதாவ. எறங்கிப் பாக்கேன். பாக்கேன்னு சொல்லுதேன், என்னத்தப் பாத்தேன். காதுலதான் கேட்டுது. ஆட்டுக்காரரு ரோட்டுல உக்காந்துட்டாரு. பிரேக் புடிக்கலன்னு நான் ஒரு பொய்யச் சொன்னேன். ஆடு போனாப் போகுது, நாங்க அந்தப் பக்கம் நின்னோம், தப்பிச்சோம்னு அந்த ஆட்டுக்காரரு சொன்னாரு. அவருகூட ஒரு பிள்ளை நின்னுருக்கு. அது எனக்குத் தெரியவே இல்ல. அழுத பொறகுதான் தெரிஞ்சிது."

முதலாளி வேனை மெக்கானிக்கிடம் விட்டுப் பார்த்திருக்கிறார். பிரேக்கில் ஒரு குறையும் இல்லை. மறுநாள் இவர் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். மனத்தாங்கல் என்று என்னிடம் சொன்னது அதைத்தான். வேனில் வந்த பெண்களிடம், வீட்டில் தெரிந்தால் பயப்படுவாள் என்று சொல்லி வாயைக் கட்டியிருக்கிறார்.

"அதுக்கு முன்னாலயே தெரியும்லா ஒங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சிக்கிட்டா அத்தன பேர ஏத்திக்கிட்டு ஓட்டுனீங்க?"

 அந்த வேனில் வந்த பெண்களில் பாதிப் பேருக்கு நான்தான் ஜாக்கெட் தைக்கிறேன். அதற்குப் பிறகு அளவு எடுக்கும்போது என்னால் அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை. இடுப்பைச் சுற்றி டேப்பைப் பிடிக்கும்போது இந்த உடம்பு, இந்த உடம்பு என்று உள்ளே ஏதோ ஓடும். பிரேக் கோளாறு என்றே நம்பியிருந்த அவர்கள் வழக்கம்போல, "அண்ணாச்சி மாதிரி பதனமா ஓட்டுதவிய இப்ப ஆரு இருக்கா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அவர் மேல் எனக்குக் கோபம் இருந்தது. பரிதாபமும் இருந்தது. எது எப்போது வரும் என்று தெரியாது. சோற்றைப் பிசைந்து கொடுக்கும்போது கோபம் வரும். அவர் தூங்கும்போது பரிதாபம் வரும்.

வயரிங் நண்பரின் கடைக்கு நானே போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் கையில் வைத்திருந்த சாமானைக் கீழே வைத்தார். பிறகு ஷட்டரை இழுத்துவிட்டு என் கூடவே வந்தார்.

இவர் கொட்டகையில் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தார். காலடிச் சத்தத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்.

"ஏலே, அந்தக் கோடு நான் போட்டதுதாம்லே."

"தெரியும் அண்ணாச்சி."

"தெரிஞ்சா அன்னைக்கே மூஞ்சிக்கு நேரா சொல்லவேண்டியதுதான?"

"சொன்னா கேட்டிருப்பீயளா?"

இவர் இல்லை என்று தலையாட்டினார். நண்பர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, டேஷ்போர்டுக்கு அடியில் போய்ப் படுத்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆனால் பழைய மாதிரி சிரிப்பும் கேலியும் திரும்பி வரவில்லை. அதற்குள் இரண்டு பேருக்குமே வயதாகிவிட்ட மாதிரி இருந்தது.

முன்கண்ணாடி மாட்டியது மூன்று பேரும் சேர்ந்துதான். கண்ணாடி விளிம்பில் மாட்டுகிற ரப்பர் பீடிங்கின் இடுக்கில் கயிற்றைச் சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, வெளியே இருந்து நானும் நண்பரும் கண்ணாடியை அமுக்க, உள்ளே உட்கார்ந்து இவர் கயிற்றை உருவிக்கொண்டே வந்தார். ரப்பர் உதடு ஒவ்வொரு அங்குலமாகத் தகரத்தின் மேல் வந்து உட்கார்ந்தது. அதற்குக் கண் தேவைப்படவில்லை. பெயிண்டர் வந்து, கொப்புளம் விட்ட மட்கார்டை மட்டும் விட்டு மற்ற இடம் பூராவும் என் துணிகளைப் போர்த்தி, சுரண்டித் தேய்த்து, புதிதாக அடித்துவிட்டுப் போனார். பின்கதவுக் கோட்டையும் மறைத்துவிட்டார். வெயிலில் நிறுத்திப் பார்த்தால் மட்கார்டு மட்டும் ஒரு பொடி அதிகக் கருப்பாகத் தெரிந்தது. எனக்குத் தெரிந்தது. என் வீட்டுக்காரரிடம் நிறம் அப்படியே ஒத்துப்போய்விட்டது என்று சொன்னேன்.

ஐப்பசியில் காரை விற்றோம். குளத்தூர் பக்கம் உப்பளம் வைத்திருப்பவர் ஒருத்தர், மகன் கல்யாணத்துக்கு வேண்டும் என்று வந்தார். என் வீட்டுக்காரர் அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போய், "இந்த மட்கார்டு ரெண்டாவது தடவ அடிச்சது. பிரேக் ஆயில் கொட்டிருச்சி. பின்கதவுலயும் ஒரு கோடு இருந்துச்சி. பாத்துக்கிடுங்க" என்றார். வந்தவர் இரண்டு இடத்தையும் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே தெரியலயே அண்ணாச்சி" என்றார். காரைத் தெருவுக்கு எடுத்தபோது இவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சத்தம் முக்குத் திரும்பிய பிறகும் நின்றார்.

இடது கண்ணுக்கு மாதாமாதம் மதுரைக்குப் போய் ஊசி போட்டு வந்தோம். ஆரம்பத்தில் கொஞ்சம் தெளிந்தது. தட்டில் இருக்கிறது இட்லியா தோசையா என்று சொன்னார். தை மாதத்துக்குப் பிறகு அதைப் பற்றி அவர் பேசுவதை நிறுத்திவிட்டார். நானும் கேட்கப் பயந்துகொண்டு கேட்கவில்லை.

பங்குனி கடைசியில் ஒருநாள் உப்பளக்காரர் போன் செய்தார். கல்யாணம் நல்லபடியாக முடிந்ததைச் சொல்லிவிட்டு, அங்கே உப்புக்காற்று அடிக்கிறது, காரை எப்படி வைத்துக்கொள்வது என்று கேட்டார். இவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். வெகு நாளைக்குப் பிறகு அந்தப் பழைய குரல் வந்தது.

"இனிமே மெழுகு போடலாம். பெயிண்ட் நல்லாக் காய்ஞ்சிருக்கும். ஆனா தொடச்சிப் போடாதீங்க, முதல்ல தண்ணி ஊத்தி உப்பை இறக்கிருங்க. பம்பருக்குப் பின்னால தண்ணி நிக்கும், அங்கன விரலை உட்டுப் பாருங்க. மூடுததா இருந்தா பருத்தித் துணிதான் மூடணும். ஆமா. என் வீட்டுல தச்சதுதான் அது எல்லாம். வேணும்னா சொல்லுங்க, தச்சுக் குடுத்து உடுதோம்."

கண்கள் விரிந்து, கையை வீசி, எதிரில் காரே நிற்கிற மாதிரி பேசினார். நான் மிஷினை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாசல் கதவு முழுக்கத் திறந்திருந்தது. வெயில் அவர் முழங்கால் வரைக்கும் வந்து கிடந்தது.

பேசி முடித்து போனைக் கீழே வைத்தார்.  பிறகு, "கரண்டு போயிருச்சா?" என்று கேட்டார்.

"இல்லியே. ஏன்?"

"லைட்டைப் போடலயா?"

மத்தியானம் பன்னிரண்டு மணி. நான் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் முகத்தைப் பார்த்து, "இப்ப பகல்" என்று சொன்னேன்.

அவர் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். நாளைக்கு மதுரைக்குப் போவோம் என்றேன். சரி என்றார். போனோம். டாக்டர் அம்மா இரண்டு கண்ணிலும் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, விளக்கை அணைத்து, எங்கள் இரண்டு பேரையும் வெளியே கொஞ்ச நேரம் உட்காரச் சொன்னார். வராந்தா பெஞ்சில் கூட்டமாக இருந்தது. அவருக்கு மட்டும் இடம் கிடைத்தது. நான் தோளில் கை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.